நிலவு யாரை அடிக்கும்?

இந்தப் புத்தாண்டுக்கும், சபையின் ஞாயிறு வகுப்பில் ஒன்றாக இருந்த நம் போன் குழுவில் அட்டைகள் வந்து விழுந்தன. மெல்பர்னுக்குப் போய்விட்டவள் கழுகுப் படம் போட்ட அட்டையை அனுப்பியிருந்தாள். வெலிங்டன்காரன் பச்சைப் புல்லும் ஆட்டுக்குட்டிகளும் உள்ள ஒன்றை. கீழே வரிசையாக ஆமென், ஆமென். நான் ஒன்றும் போடவில்லை. “நீ மட்டும் ஏன் பேசாமல் இருக்கிறாய்?” என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். இது தமிழில் நடந்த விஷயம். உங்களில் பாதிப் பேர் போனில் போட்டு மொழிபெயர்ப்பீர்கள், மீதிப் பேர் அம்மாவிடம் நீட்டி வாசிக்கச் சொல்வீர்கள். வாசிக்கட்டும். அம்மாக்களும் கேட்க வேண்டியதுதான். நமக்கும் வயதாகிறது. முப்பது எட்டிப் பார்க்கிறது, ஒருவனுக்கு முன்மண்டை வெளுத்துவிட்டது, பெயர் சொல்லமாட்டேன். சிலருடைய மடியில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளையும் கூடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவீர்கள். அதற்கு முதல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

கூடை நினைவிருக்கிறதா? நீலப் பிளாஸ்டிக் கூடை, பிடியில் வெள்ளை ரிப்பன் சுற்றியது. மற்ற நாட்டுத் தமிழ்ச் சபைகளில் நள்ளிரவில் நடக்கிற ஆராதனை நமக்கு மட்டும் ஜனவரி முதலாம் தேதி காலையில் நடக்கும். வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தை நள்ளிரவில் திறந்துவிட யாருக்குப் பைத்தியம்? ஜனவரிக் கோடையில் ஊர் முழுக்கக் கடற்கரையில் கிடக்க, நாம் பட்டுச் சேலைகளோடும் வியர்வையோடும் மாசி, மனுகாவ், பக்குரங்கா என்ற புறநகர்களிலிருந்து கார்களில் வந்து இறங்குவோம். மண்டபத்தில் பழைய வாழைப்பழமும் தரை மெழுகும் கலந்த பள்ளிக்கூட வாசனை இருக்கும்.

ஆராதனை முடிகிற நேரம் கூடை வரும். ஒவ்வொரு குடும்பமும் கண்ணை மூடிக் கைவிட்டு ஓர் அட்டையை எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கிற வசனம், அந்த வருடத்துக்கு அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. வாக்குத்தத்த அட்டை என்பார்கள். சிவகாசியில் அடித்து, யாராவது ஊருக்குப் போய் வரும்போது பெட்டியில் கொண்டுவருவார்கள். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் ஒட்டுவோம். அடுத்த டிசம்பர் வரை அதுதான் அந்த வீட்டின் சட்டம்.

நான் சொல்லப்போவது ரக்பி உலகக் கோப்பை இங்கே நடந்து முடிந்து வந்த டிசம்பர்க் கோடையைப் பற்றி. நமக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது.

அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் எத்தனையோ பேருடைய வீட்டுச் சுவரில் அவருடைய கை இருக்கிறது. வெள்ளை ஓவரோல், அலுமினிய ஏணி, காது மடலில் எப்போதும் ஒரு நிறம். வேலைவிட்டு வந்து சோபாவில் சாய்ந்து கால்களைக் கைப்பிடியில் போட்டுவிடுவார். நான் கீழே கம்பளத்தில் கிடந்து டிவி பார்ப்பேன். அப்படிக் கிடந்த ஒரு மாலையில்தான் அவருடைய இடது உள்ளங்காலில் அந்தக் கறுப்பைப் பார்த்தேன். மை ஊறினாற்போல, ஓரம் கலைந்து இருந்தது.

“அப்பா, உங்கட காலில பெயின்ட்.”

“என்ன நிறம்?”

“கறுப்பு.”

“இந்த மாதம் நான் ஒரு இடமும் கறுப்பு அடிக்கேல்லையே.”

ஆனாலும் பெயின்ட் என்றே முடிவு செய்தோம். பெயின்டர் காலில் வேறு என்ன இருக்கும்? கராஜிலிருந்து டர்ப்பன்டைன் துணியைக் கொண்டுவந்து நான் தேய்த்தேன். அப்பா கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பும் டர்ப்பன்டைன் வாசனையும் எனக்கு ஒன்றாகவே நினைவிருக்கின்றன. கறுப்பு போகவில்லை.

அம்மா வந்து குனிந்து பார்த்தார். “மச்சமாக்கும். உள்ளங்காலில மச்சம் இருந்தா ஊர் ஊராத் திரியோணும் எண்டு சொல்லுறவை.”

“திரிஞ்சுதானே இஞ்ச வந்து நிக்கிறம்,” என்றார் அப்பா.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் அந்த இடம் தடித்து வெடித்துவிட்டது. ஏணிப் படி சரியாக அந்த இடத்தில்தான் அழுத்தும். அப்பா மறைக்கப் பார்த்தார், ஆனால் காரிலிருந்து இறங்கி வாசலுக்கு நொண்டி வருகிற தூரத்தில் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அம்மா அந்தக் காலுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். சோறு வடிக்கும்போதும் ஜெபம், கார் ஓட்டும்போதும் ஜெபம்.

இந்த நிலையில்தான் கூடை வந்தது. எங்கள் வீட்டுக்காக அம்மா கைவிட்டு எடுத்தார். அட்டையில் பனி மூடிய மலை. அதன் மேல் பைபிளின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்திலிருந்து இரண்டு வரி: அவர் உன் காலைத் தள்ளாடவிடமாட்டார், பகலில் வெயிலோ இரவில் நிலவோ உன்னைச் சேதப்படுத்தாது என்பதுதான் அதன் சாரம். அம்மா ஒரு முறை வாசித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

“காலெண்டே போட்டிருக்கு, பாருங்கோ. பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி!”

அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். அம்மாவின் முகத்தையும் பார்த்தார். “ஓம்,” என்று தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு நம் வகுப்பில் அவரவர் வீட்டு அட்டையைச் சொல்லச் சொன்னார்கள். மலேசியா ஆன்ட்டி, அதுதான் நமக்குப் பாடம் எடுத்தவர், என்னை எழுப்பினார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நம் பள்ளிக்கூடங்களில் தொப்பி போடாவிட்டால் மைதானத்தில் விளையாட விடமாட்டார்கள், மரத்தடியில் உட்கார வைத்துவிடுவார்கள். வெயில் கெட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் நிலவு?

“ஆன்ட்டி, நிலவு யாரை அடிக்கும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஆங்கில பைபிளில் அந்த வரி, நிலவு உன்னை அடிக்காது என்றுதான் இருக்கும்.

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். ஆன்ட்டியும் சிரித்துவிட்டு, “அப்படிலாம் கேக்கக்கூடாது லா, கண்ணு. வசனத்த அப்படியே ஏத்துக்கணும்,” என்றார். அதன் பிறகு கொஞ்ச நாள் என்னை மூன் கேர்ள் என்று கூப்பிட்டீர்கள். எனக்குக் கோபமில்லை. சின்னப் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த பெரியவர்களில் ஒருவராவது நின்று அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்திருந்தால், எனக்கு இன்று அப்பா இருந்திருக்கலாம். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நிலவு ஒருவரையும் அடிப்பதில்லை. அப்படியென்றால் அந்த வரி சொல்லுக்குச் சொல் அல்ல, வேறு மாதிரிப் பேசுகிறது. நிலவு வேறு மாதிரி என்றால் வெயிலும் வேறு மாதிரி, காலும் வேறு மாதிரி. அவ்வளவுதான். கணக்குப் பாடத்தை விடச் சுலபம்.

பிப்ரவரியில் எனக்கு இருமல். டாக்டரிடம் அப்பாதான் கூட்டிப்போனார். டாக்டர் என் நெஞ்சைக் கேட்டுவிட்டு, நொண்டிக்கொண்டு வந்த அப்பாவைப் பார்த்துச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். உள்ளங்காலைக் கையில் ஏந்தி, விளக்கைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார். மெலனோமாவாக இருக்கலாம், ஒரு துண்டை வெட்டிப் பரிசோதிக்க வேண்டும், தாமதிக்கவே கூடாது, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்றார். மெலனோமா என்ற சொல் எனக்குத் தெரியும், தோல் புற்றுநோய். பள்ளிக்கூடத்துச் சுவரில் தொப்பி போட்ட பிள்ளையின் படத்துக்குக் கீழே இருக்கும்.

அன்று சமையலறையில் அப்பா சொன்னபோது அம்மா நம்பவில்லை.

“அது வெள்ளைக்காரருக்கு வெயிலில வாற வருத்தமெல்லே? எங்கட தோலுக்கு ஏன் வருது?” பிறகு ஃப்ரிட்ஜின் பக்கம் திரும்பினார். கிவிப் பறவைக் காந்தத்தின் கீழே பனிமலை இருந்தது. அம்மாவின் குரல் மாறியது. “இஞ்சருங்கோ. காலும் இருக்கு, வெயிலும் இருக்கு. இதுக்கு மேல ஆண்டவர் எப்பிடியப்பா சொல்லுறது?”

“கேக்க நல்லாத்தான் இருக்கு,” என்றார் அப்பா.

அம்மாவைப் படிப்பில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். பயந்துபோன மனுஷிக்கு ஒரு கதவு திறந்தது, அவர் உள்ளே போய்விட்டார். வெட்டினால் அப்பாவால் ஏணி ஏற முடியுமா, வேலை இல்லாவிட்டால் வீட்டு மோர்ட்கேஜ் கடன் என்னாவது என்ற பயமும் அந்தச் சமையலறையில் இருந்தது. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. அம்மா ஊற்றிக் கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டையைப் பார்த்து உண்மையாகவே கண் கலங்கினார்.

“பிரதர், ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வாக்குத்தத்தம் உங்க கையில இருக்கு. முதல்ல சாட்சி சொல்லுங்க. சுகம் கிடைச்சாச்சுன்னு விசுவாசத்துல சொல்லுங்க. அப்புறம் பாருங்க.”

நம் சபையில் அது வழக்கம்தானே. விசா கிடைப்பதற்கு முன்னமே கிடைத்துவிட்டது என்று சாட்சி சொல்வார்கள். வீடு வாங்குவதற்கு முன்னமே சாவிக்கு நன்றி சொல்வார்கள். சிலருக்குக் கிடைத்தது, கிடைக்காதவர்களைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

அப்பா சாட்சி சொன்ன ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் கைதட்டினீர்கள். கூச்ச சுபாவம் உள்ள மனுஷன், மைக்கைப் பிடிக்கவும் தெரியாமல் வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவர் என்ர காலைச் சுகமாக்கினார்,” என்றார். “மிதிச்சுக் காட்டுங்க பிரதர்!” என்று யாரோ கத்தினார்கள். அப்பா இடது காலைத் தூக்கி மேடைப் பலகையில் ஓங்கி மிதித்தார். அல்லேலூயா என்று மண்டபம் அதிர்ந்தது. இன்னொரு முறை மிதித்தார். நான் முன்வரிசையில் இருந்தேன். அவருடைய தாடை இறுகுவதைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தார், நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

அன்று வீட்டுக்கு வந்து அவர் குளியலறையில் கழற்றிப் போட்ட வெள்ளைக் காலுறையின் அடி சிவந்திருந்தது. அம்மா அதை எடுத்து ஊறப்போட்டார். அடுத்த வாரத்திலிருந்து அப்பா கறுப்புக் காலுறை மட்டும் போட்டார். யார் வாங்கி வந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டார்கள். அப்பா வலது காலில் பாரத்தைப் போட்டு நின்றபடி, இப்போது சுகம், தேவையில்லை, நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னார். அத்தனை பேருக்கு முன்னால் சுகமாகிவிட்டது என்று மிதித்துக் காட்டிய பிறகு எப்படிப் போவது? போனால் அம்மாவின் விசுவாசம் பொய், பாஸ்டர் பொய், கடவுளும் பொய் என்றாகிவிடும். ஒரு காலுக்காக இத்தனை பேரை வெட்கப்படுத்த என் அப்பாவால் முடியவில்லை.

ஜூனில் ஒரு காலை ஏணியடிக்குப் போனவர் ஏறவே இல்லையாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாராம். அவரோடு வேலை செய்தவர் வேனில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தொடை இடுக்கில் கட்டி வந்திருந்தது. அதையும் அப்பா எங்களிடம் மறைத்திருந்தார். பாதத்தில் பாதியை எடுத்தார்கள். ஆனால் அது உள்ளே எல்லா இடத்துக்கும் போய்விட்டிருந்தது.

பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். நம்மைப் போன்ற தோல் உள்ளவர்களுக்கு இது உள்ளங்காலில்தான் அதிகம் வரும், இந்த வகைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்லை, முன்பே வந்திருந்தால் நிலைமை வேறு என்றார். அம்மாவுக்குக் கடைசி வார்த்தைகள் காதில் விழவில்லை. நடுவில் உள்ளதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“கேட்டனியே பிள்ளை? வெயிலால இல்லையாம். அப்ப அட்டை பொய் சொல்லேல்ல.”

எனக்கு அம்மாவை அடிக்க வேண்டும்போல இருந்தது. இப்போது நினைத்தால் அழுகைதான் வருகிறது. கையில் இருந்த எல்லாம் போன பிறகு அந்த ஒரு துண்டு அட்டையையாவது காப்பாற்றப் பார்த்தார்.

ஆகஸ்டில் ஒரு மாலை. இங்கே குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் அல்லவா, அப்பாவின் வார்டு ஜன்னலில் முழுநிலவு வந்து நின்றது. அம்மா கீழே சாப்பாட்டைச் சூடாக்கப் போயிருந்தார். அப்பா விழித்திருந்தார். எனக்கு வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. பழைய கேள்வியையே கேட்டேன்.

“அப்பா, நிலவு யாரை அடிக்கும்?”

அவர் சிரிக்கவில்லை. “ஒருத்தரையும் அடிக்காது, பிள்ளை. பகலுக்கு வெயிலெண்டு சொன்னா இரவுக்கு நிலவெண்டு சொல்லுறது. பாட்டெண்டா அப்பிடித்தான். மலையேறிப் போன சனம் பாடினது. வழி நெடுகப் பயம். ஒருத்தரை ஒருத்தர் தேத்திக்கொண்டு போயிருக்குதுகள்.”

“அப்ப உங்களுக்குத் தெரியுமா? அது உங்கட காலைச் சொல்லேல்ல எண்டு?”

“ஓம்.”

“எப்பயிருந்து?”

“எடுத்த அண்டைக்கே.”

“அப்ப ஏன் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகேல்ல?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “உன்ர அம்மான்ர முகத்தைப் பாத்தனியே, கூடையில இருந்து எடுக்கேக்க?” போர்வையை மார்புக்கு இழுத்துக்கொண்டு, “நம்ப எனக்கும் ஆசையாத்தான் இருந்தது,” என்றார்.

அப்போது அம்மா உள்ளே வந்தார். நிலவு வெளிச்சம் போர்வைக்கு மேல், கட்டுப் போட்ட காலின் மேல் விழுந்திருந்ததைக் கண்டார். சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திரையை இழுத்தார். கணக்கு டீச்சர், இரவில் நிலவுக்குப் பயந்து திரை இழுக்கிறார்.

“விடும்,” என்றார் அப்பா. “நிலவு ஒண்டும் செய்யாது.”

அம்மா திரையைப் பிடித்தபடியே அழுதார்.

அக்டோபரில் அப்பா போய்விட்டார். அடக்க ஆராதனையில் பாஸ்டர் பெட்டியின் மேல் கைவைத்து அதே வசனத்தைச் சொன்னார். “கர்த்தர் நம்ம பிரதரோட காலைத் தள்ளாட விடல. அவரோட ஆத்துமாவைப் பத்திரமா பரலோகத்துல சேர்த்துட்டார்.” எல்லோரும் ஆமென் என்றார்கள். ஜனவரியில் கால் என்றால் கால். அக்டோபரில் கால் என்றால் ஆத்துமா. பாட்டைப் பாட்டாக வாசிக்க அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒன்பது மாதம் முந்தித் தெரிந்திருந்தால் நாங்கள் மூன்று பேராக இருந்திருப்போம். அவர் அன்று தேம்பித் தேம்பி அழுதார் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் எனக்கு அவரை வெறுக்கவும் முடியவில்லை.

அம்மா இன்னும் மாசியில் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஏணியை யாரோ கேட்டு வாங்கிப்போனார்கள். கிவிக் காந்தம் எங்கே போனதென்று தெரியாது. அட்டை பல வருடம் ஃப்ரிட்ஜில் வெளுத்து, மலையும் வானமும் ஒன்றாகி, ஒருநாள் காணாமல் போயிற்று. அம்மா சபையை விடவில்லை. ஆனால் ஜனவரி முதலாம் தேதி மட்டும் போகமாட்டார், தலையிடி என்பார். இந்த வருடம் நான் விடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

தேயிலையை வடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “என்ர கைதானே பிள்ளை எடுத்தது. கூடைக்குள்ள எத்தினை அட்டை கிடந்தது. ஆடு போட்டது, கழுகு போட்டது. வேற எதை எடுத்திருந்தாலும் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்.”

அப்பா அன்று வார்டில் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மா, அவருக்குத் தெரிந்துதான் இருந்தது, உங்கள் முகத்துக்காகத்தான் பேசாமல் இருந்தார் என்று எந்த வாயால் சொல்வது? இதை உங்கள் அம்மாக்கள் வாசித்தால், என் அம்மாவிடம் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்று இரவு நான் அங்கேயே தங்கினேன். படுக்கப் போகும் முன் அம்மாவின் அறையை எட்டிப் பார்த்தேன். திரை முழுவதும் திறந்திருந்தது. கட்டிலில் அப்பாவின் பக்கம் முழுக்க நிலவு வெளிச்சம். அம்மாவுக்குத் தூக்கம் வராதே என்று திரையை இழுக்கப் போனேன்.

“விடு,” என்றார் அம்மா. “நிலவு ஒண்டும் செய்யாது.”

திரையை விட்டுவிட்டேன். அம்மா சுவரோரம் ஒதுங்கி, அந்தப் பாதிக் கட்டிலைத் தொடாமல் படுத்திருந்தார்.